‘கூப்பிட்டாங்க’ என்பதற்கு ஆங்கிலம்

விசாரணை அதிகாரியாக வந்த அந்த வக்கீலுக்கு ஆங்கில வினைச்சொற்கள் மேல் அப்படியொரு மோகம். ஒரு சொல்லை வாயில் வைத்து உருட்டி, ருசி பார்த்து, அதன்பிறகுதான் வெளியே விடுவார். ஊட்டியிலிருந்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் காரில் வந்து, பந்தலூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் எஸ்டேட் ஆபீஸில் உட்கார்ந்து, ஒரு பெண்ணின் பிழைப்பை அந்த ருசிக்குக் காவு கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது நல்ல தேயிலைத்தூளாகப் பார்த்து ஒரு பொட்டலம் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டும் போனார்.

அவரைத் திட்டி எழுதிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர் சொன்ன சொற்களை டைப்ரைட்டர் மெஷினில் அடித்தவை என்னுடைய பத்து விரல்கள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எழுபதுகள் முடிகிற சமயம். அப்பா குன்னூர் பக்கம் ராணுவத் தொழிற்சாலையில் சிவில் ஊழியர். நான் ஊட்டியில் ஆங்கில இலக்கியம் படித்தேன். எங்களுக்குப் பாடம் எடுத்த அம்மையார் ஒரு பருவம் முழுக்க, ஒன்றுபோலத் தோன்றும் சொற்களைப் பிரித்துக் காட்டுவதிலேயே செலவழித்தார். பர்சுவேட் என்றால் காரணம் சொல்லி ஒருவரை ஒரு காரியம் செய்ய வைப்பது. கன்வின்ஸ் என்றால் அவர் செய்கிறாரோ இல்லையோ, அவருடைய மனதை ஒப்புக்கொள்ள வைப்பது. கோக்ஸ் என்பது சோறு வேண்டாம் என்று அடம் பிடிக்கும் குழந்தையைக் கொஞ்சிக் கொஞ்சி வாய் திறக்க வைப்பது. கஜோல் அதிலேயே கொஞ்சம் முகஸ்துதியும் கொஞ்சம் பொய்யும் சேர்த்தது. என்டைஸ் ஆசை காட்டுவது. லூர் ஆசை காட்டிக் குழியில் தள்ளுவது. இன்டியூஸ் என்றால் ஒன்றைக் கொடுத்தோ, கொடுப்பதாகக் காட்டியோ ஒருவரை இணங்க வைப்பது.

எனக்கு அது தேன். தமிழிலும் தேடித் தேடிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வேன். தாஜா பண்ணுவது, மசிய வைப்பது, நைச்சியமாகப் பேசுவது, மனசைக் கலைப்பது, கிளப்பி விடுவது, உசுப்பேற்றுவது. கல்லூரியில் நடந்த சொல்வளப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்த சொல் எங்கே தொடங்குகிறது என்று என்னைப்போலத் தெரிந்தவர் அந்த மலையில் அதிகம் பேர் இல்லை என்று திமிராகக்கூட நினைத்திருக்கிறேன்.

டைப்பும் தெரியும் என்பதால் எஸ்டேட் ஆபீஸில் வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. ஆறு மாதம் கழித்து நிரந்தரமாக்குவார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பெண்களில் பாதிக்கு மேல் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அவர்களில் ஒருவரை எல்லோரும் அக்கா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். நாற்பது வயது இருக்கும். கணவர் கப்பலேறி வந்த மறுவருஷமே காய்ச்சலில் போய்விட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். அக்காவுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும், அங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புவரை படித்தவர். ஆபீஸில் ஒட்டும் அறிவிப்புத் தமிழில் இருந்தால் நின்று படித்துவிட்டு மற்றப் பெண்களுக்குச் சொல்வார். அது மேனேஜருக்குப் பிடிக்காது.

அந்த வருஷம் மழைக்கு முந்தி செடிகளில் செஞ்சிலந்திப் பூச்சி விழுந்தது. மருந்து அடித்தார்கள். மருந்து அடித்த இடத்தில் சில நாள் யாரும் பறிக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் ஃபாக்டரிக்குக் கொழுந்து போதவில்லை என்று மறுநாள் காலையிலேயே பெண்களை அதே இடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் பலருக்குக் கண் எரிந்து சிவந்துவிட்டது. கைத்தோல் அரித்தது. ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி செடிகளுக்கு நடுவிலேயே வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டாள். மேஸ்திரி அவளை நிழலில் உட்காரச் சொல்லிவிட்டு மற்றவர்களைப் பறிக்கச் சொன்னார்.

அடுத்த நாள் காலை ஆள் பிரிக்கும் இடத்தில், சிலோன்காரர்கள் அதைப் பெரட்டு என்பார்கள், மேஸ்திரி மறுபடியும் மருந்து அடித்த அதே மலையின் நம்பரைச் சொன்னார். அப்போது அக்கா திரும்பிப் பார்த்து மற்றப் பெண்களிடம் சொன்னது ஒரே வாக்கியம்.

“வாங்கடி, தொரைக்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு மலைக்குப் போவம்.”

முப்பது பெண்கள் கூடைகளோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்கள். ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். கோஷம் இல்லை, கூச்சல் இல்லை. இரண்டு மூன்று பேர் முந்தானையை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து மேனேஜர் ஜீப்பில் வந்தார். விஷயத்தைக் கேட்டார். “சரி, வேற ஃபீல்டுக்குப் போங்க” என்றார். போனார்கள். அவ்வளவுதான் நடந்தது.

நான்கு நாள் கழித்து அக்காவுக்கு மட்டும் சார்ஜ் ஷீட் கொடுத்தார்கள். மற்றத் தொழிலாளிகளை ‘இன்டியூஸ்’ செய்து, ‘இன்ஸ்டிகேட்’ செய்து, அதாவது தூண்டிவிட்டு, வேலையை நிறுத்த வைத்தார் என்பது குற்றம். அதையும் நான்தான் அடித்தேன். ஹெட் கிளார்க் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து, எழுத்துப்பிழை இல்லாமல், மூன்று கார்பன் வைத்து அடித்தேன். என்ன அடிக்கிறோம் என்று மனதில் பதியவே இல்லை. இதை நினைத்தாலும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. சொற்களுக்காகப் பரிசு வாங்கியவள் நான்.

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். சாட்சிகள் தமிழில் பேசுவார்கள், பதிவு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றார்கள். எனக்கு இரண்டும் தெரியும் என்பதால் மொழிபெயர்த்து டைப் அடிக்க என்னை உட்கார வைத்தார்கள். நான் ஒரு நோட்டு எடுத்துப் போனேன். சாட்சிகள் சொல்வதைத் தமிழிலேயே பென்சிலில் வேகமாக எழுதிக்கொண்டு, பிறகு ஆங்கிலத்தில் அடிப்பதாக எண்ணம். அக்காவுக்குத் துணையாக வயதான தொழிலாளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஆங்கிலம் தெரியாது.

முதல் சாட்சி, அன்றைக்கு அக்காவோடு வந்து நின்ற பெண்களில் ஒருத்தி. பத்தொன்பது இருபது வயது. யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் டைப்ரைட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ ஏம்மா வேலைக்குப் போகல?” என்றார் வக்கீல்.

“அக்கா கூப்பிட்டாங்க. போனோம்.”

“என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?”

“தொரைக்கிட்ட கேட்டுட்டுப் போவம்னாங்க.”

நான் அடித்தேன். அக்கா எங்களைக் கூப்பிட்டார், நாங்கள் போனோம் என்பதற்கு என்ன ஆங்கிலமோ அது. ‘கால்டு அஸ்’. வக்கீல் எட்டிப் பார்த்தார். தாளில் விரலை வைத்தார்.

“கால்டு? கால்டுன்னா பேர் சொல்லிக் கூப்பிடறது. இங்க நடந்தது அதில்ல. இன்டியூஸ்டுன்னு போடும்மா.”

“சார், இன்டியூஸ்னா ஏதாவது குடுக்கறேன்னு சொல்லி வரவைக்கறதுங்க. இவங்க அப்படி எதுவும் சொல்லலைங்களே.”

அவருக்குக் கோபம் வரவில்லை. முகம் மலர்ந்தது. அந்த அத்துவானத் தோட்டத்தில் பேச்சுக்கு ஆள் கிடைத்த சந்தோஷம்.

“பரவால்லையே! சரி, இன்டியூஸ் வேணாம். பர்சுவேட்? அது ரொம்ப நாகரிகமான சொல், இந்த ஜனங்களுக்குப் பொருந்தாது. என்டைஸ் போடலாமா? அதுல ஒரு கவர்ச்சி இருக்கு, பொம்பளைக்குச் சரியா வரும்.” சிரித்தார். பக்கத்தில் இருந்த உதவி மேனேஜரும் சிரித்தார். “கோக்ஸ்? ம்ஹூம், குழந்தைக்குச் சொல்றது. இன்சைட்னா கலகத்துக்குத் தூண்டறது, அதைப் போட்டா போலீஸ் கேஸ் மாதிரி ஆயிடும். இன்டியூஸ் பொதுவான சொல்மா. சார்ஜ் ஷீட்லயும் அதுதான் இருக்கு.”

இப்படியே பத்து நிமிஷம். ஒரு பெண்ணின் வேலை போகப்போகிறது, இந்த மனிதர் புடவைக்கடையில் நிறம் பார்ப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக எடுத்து விரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அக்கா எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது.

அப்புறம் வக்கீல் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். “அக்கா கூப்பிடாம இருந்திருந்தா நீயா போயிருப்பியா?”

அவள் யோசித்தாள். “தனியா எப்புடிங்க போறது?”

“அப்ப அவங்க சொன்னதாலதான் போன?”

“ஆமாங்க.”

“ஷி இன்டியூஸ்டு அஸ்” என்று எனக்குச் சொன்னார். நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மத்தியானமாகிவிட்டது, மீதி நாளைக்கு என்று ஒத்தி வைத்தார்.

சாயங்காலம் மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்துப் போனேன். உட்காரச் சொன்னார். டீயும் பிஸ்கட்டும் வந்தது. அப்பாவின் உடம்பை விசாரித்தார். என்னுடைய இங்கிலீஷை வக்கீல் ரொம்பப் பாராட்டினார் என்றார்.

“உங்களை மாதிரி படிச்ச புள்ளைங்க இங்க வந்து வேலை பாக்கறதே எங்களுக்குப் பெருமைங்க. அடுத்த மாசம் உங்களை கன்ஃபர்ம் பண்ணணும்னு நானே ஹெட் ஆபீஸுக்கு எழுதியிருக்கறனுங்க. ஆபீஸ் பக்கத்துல ஒரு குவார்ட்டர்ஸ் காலியா இருக்குது. அம்மாவைக் கூட்டிட்டு வந்து வெச்சுக்கலாமுங்க. இந்த ஒரு வார்த்தைக்காக எதுக்குங்க வீணா மனசைப் போட்டு அலட்டிக்கறீங்க? அவர் சொல்றதைத்தான நீங்க அடிக்கறீங்க. பொறுப்பு அவரோடதுங்க.”

ஒரு கடுஞ்சொல் இல்லை. ஒரு மிரட்டல் இல்லை. நான் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு நடப்பதற்குச் சரியான பெயர் எனக்கே தெரியும். முதலில் கஜோல். அப்புறம் இன்டியூஸ். அக்கா செய்யாததாக நான் மத்தியானம் வாதாடிய அதே காரியம், கண்ணெதிரே, பாடப்புத்தகத்தில் இருப்பதுபோலத் துல்லியமாக எனக்கு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு படியும் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் மசிந்தேன். “சரிங்க சார்” என்றேன். பிஸ்கட்டையும் தின்றேன்.

பெயர் தெரிந்தால் தப்பித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மறுநாள் வக்கீல் சொன்ன எல்லாவற்றையும் அடித்தேன். அடுத்து வந்த சாட்சி, “நல்லதனமாத்தான் சொன்னாங்க” என்றாள். கஜோல்டு என்று போடச் சொன்னார், போட்டேன். மேஸ்திரி, “அந்தம்மா சொன்னா மத்த பொம்பளைங்க கேப்பாங்க” என்றார். அதற்கு வக்கீல், செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்திப் பிறரைத் தன் வழிக்கு இழுப்பவர் என்ற பொருளில் ஒரு முழு வாக்கியம் சொன்னார், அதையும் அடித்தேன். ஆனால் நோட்டில் மட்டும் அவர்கள் வாயிலிருந்து வந்தது வந்தபடி தமிழில் எழுதிக்கொண்டே இருந்தேன். அது தைரியம் இல்லை. வேறு வேலை கைக்குத் தெரியவில்லை.

கடைசியில் அக்காவின் முறை. அவர் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

“நீதான எல்லாரையும் கெளப்பிவிட்ட?” என்றார் வக்கீல். அதுவரை அக்காவை வாங்க போங்க என்றவர் இப்போது நீ என்றார்.

“கெளப்பிவுட அவுங்க என்ன மாடா ஐயா?” என்றார் அக்கா. “வாங்க, கேட்டுட்டுப் போவம்னு கூப்பிட்டேன். அது மெய்தான். இல்லேண்டு சொல்லமாட்டேன். ஆனா நான் கூப்பிட்டதாலதான் வந்தாளுகண்டு எழுதுறீங்களே, அவளுகளுக்குக் கண்ணு எரியலியா? நான் சொல்லித்தான் எரிஞ்சிச்சா?”

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். வக்கீல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, பதிவு பண்ண வேணாம். கூப்பிட்டதை ஒத்துக்கிட்டாங்க, அது போதும்” என்றார். ஒத்துக்கொண்டார் என்று அடித்தேன். இன்டியூஸ் செய்ததை ஒத்துக்கொண்டார்.

எல்லாப் பக்கத்திலும் அக்கா கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார், வேறு யாரையும் அல்ல.

“தங்கச்சி, நான் சொன்னதத்தானே எழுதியிருக்கு?”

மேனேஜர் கதவோரம் நின்றிருந்தார். வக்கீல் வாட்சைப் பார்த்தார்.

“ஆமாங்க அக்கா” என்றேன்.

அவர் நிதானமாக, ஒவ்வொரு பக்கத்திலும், முழுப் பெயரையும் தமிழில் எழுதினார்.

ஒரு மாதத்துக்குள் வேலைநீக்க உத்தரவு வந்தது. அதையும் அடிக்க என்னிடம் கொடுத்தார்கள். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டைக் காலி செய்ய வாரம் ஒன்று கொடுத்தார்கள். சாமான்களை ஏற்ற வந்த வண்டி ஆபீஸைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்னால் டிரைவர் பக்கத்தில் அக்காவும் சின்னவளும். பின்னால் தகரப் பெட்டிகள், ஒரு கட்டில், கோழிக்கூடு, அவற்றைப் பிடித்துக்கொண்டு பெரியவள். அக்கா ஆபீஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தி அசைத்தார். அவருக்கு இன்னும் தெரியாது. நான் உண்மையைத்தான் எழுதினேன், அதையும் மீறி இவர்கள் வேலையைப் பறித்துவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டு போகிறார்.

அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. அதுவரை இருந்ததெல்லாம் பயமும் கூச்சமும். அந்தக் கையசைப்பைப் பார்த்ததும் கிளம்பிய அந்தக் கோபம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதலில் அக்காவின் மேல்தான் வந்தது. ஏன் இப்படி நம்பித் தொலைத்தார் என்று. அதற்கப்புறம்தான் அது திசை திரும்பி, போக வேண்டிய இடங்களுக்குப் போனது.

அடுத்த வாரம் எனக்குக் கன்ஃபர்மேஷன் உத்தரவு வந்தது. அதே மெஷினில் என்னுடைய ராஜினாமாவை அடித்தேன். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் வெளியே வந்துவிட்டேன். இன்னொரு டீ குடிக்கிற தைரியம் எனக்கில்லை.

நோட்டு என் பையில் இருந்தது. கூடலூரில் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீலின் பெயரை விசாரணையில் துணைக்கு வந்த அந்த வயதான தொழிலாளியிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். போய் நோட்டை மேஜைமேல் வைத்தேன். எது நடந்தது, எது எழுதப்பட்டது என்று பக்கம் பக்கமாகச் சொன்னேன். அவர் கேட்டார், “கோர்ட்ல வந்து சொல்வீங்களா?” சொல்கிறேன் என்றேன். அப்பாவிடம் சொன்னபோது, “ஊட்டுல சும்மா உக்காந்துக்கறதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?” என்று ஆரம்பித்தவர், அதை விட்டுவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு, “ஆமான்னு சொன்னியா அந்தம்மாகிட்ட?” என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். “போயி சொல்லிட்டு வா” என்றார்.

அந்த வக்கீல் அக்காவைத் தேடிப் பிடித்து அவர் பேரில் போட்ட வழக்கு கோயம்புத்தூர்த் தொழிலாளர் நீதிமன்றத்தில் வருஷக்கணக்கில் இழுத்தது. என்னுடைய சாட்சி மூன்றாவது வருஷம் வந்தது. எஸ்டேட் தரப்பு வக்கீல் இளைஞர், சுறுசுறுப்பானவர்.

“நிர்வாகத்துக்கு எதிரா சாட்சி சொல்லும்படி உங்களை யார் தூண்டினது?”

“யாரும் தூண்டலைங்க.”

“யூனியன்காரங்க வந்து பேசினாங்களா? எதாவது தர்றேன்னு சொன்னாங்களா? உங்க மனசை மாத்தினாங்களா?”

“இல்லைங்க.”

“அப்புறம் எப்படிம்மா குன்னூர்ல இருந்து இங்க வந்தீங்க?”

“ஆறு மணி பஸ்ல வந்தனுங்க. டிக்கெட் நானே எடுத்தேன்.”

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு பெண் தானாக நடந்து வந்து ஒரு இடத்தில் நின்றாள் என்பதை இவர்களால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. பின்னால் யாரோ இருக்க வேண்டும். ஆசை காட்டியோ, கொஞ்சியோ, உசுப்பியோ, யாரோ. இத்தனை வினைச்சொற்களை இந்த மனிதர்கள் வைத்திருப்பதே அதற்காகத்தானோ என்று தோன்றியது.

அன்றைக்கு நீதிமன்ற வராந்தாவில் அக்கா நின்றிருந்தார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார் என்று கூடலூர் வக்கீல் சொல்லியிருந்தார். இளைத்திருந்தார். உள்ளே நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கிட்டே போனேன். அவர் சுற்றி வளைக்கவில்லை.

“ஆமாண்டு சொன்னியே தங்கச்சி.”

“சொன்னேங்க அக்கா. தப்புதானுங்க.”

“ஒனக்குப் பயமா இருந்திச்சா?”

“பயம்கூட இல்லைங்க. வேலைய நெரந்தரம் பண்றேன்னாங்க.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “அதையும் உள்ளுக்குச் சொல்லியிருக்கலாந்தானே” என்றார். “அத ஏன் சொல்லாம வுட்ட?”

கேட்டால் சொல்லியிருப்பேன், கேட்கவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

தீர்ப்பு அதற்கும் ஒரு வருஷம் கழித்து வந்தது. அக்காவுக்கு மறுபடியும் வேலை கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. கேள்விப்பட்டதும் நான் குன்னூர் ஆபீஸ் ஒன்றில் செய்துகொண்டிருந்த வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பந்தலூருக்குப் பஸ் ஏறினேன். அக்கா பிள்ளைகளோடு லயத்துக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகியிருந்தது. அதே லயம், வேறு காம்பரா, அறையை அப்படித்தான் சொல்வார்கள். நான் போன நேரம் அரைநாள் வேலை முடிந்து வந்து, கூடையை வெளியே கவிழ்த்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“வா, உள்ளுக்கு வா” என்றார். கோபமாகவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சின்னவள் டீ போட்டாள். அக்கா ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து தீர்ப்பின் நகலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“வக்கீல் ஜெயிச்சிருச்சுண்டு மட்டும் சொன்னாரு. உள்ளுக்கு என்ன இருக்குண்டு எனக்குத் தெரியணும். நீ படிச்சுச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லு.”

படித்தேன். ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னேன். விசாரணைப் பதிவில் திருத்தம் நடந்திருப்பதாகத் தெரிகிறது என்று இருந்தது. சொன்னேன். மருந்து அடித்த இடத்துக்கு அனுப்பியது சரியல்ல என்று இருந்தது. அக்கா தலையாட்டினார். கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் படிப்பதை நிறுத்தினேன்.

“என்னா?”

வேலையை விட்டு நீக்கியது ஏன் மிகையான தண்டனை என்பதற்கு நீதிபதி காரணம் எழுதியிருந்தார். இவர் படிப்பறிவில்லாத ஒரு பெண். பிறர் சொல்லுக்கு எளிதில் இழுபடக்கூடியவர். வெளியாட்கள் யாரோ இவரைத் தவறான வழியில் செலுத்தியிருக்க வாய்ப்பிருக்கிறது. ஆகவே கருணை காட்டலாம். ‘மிஸ்லெட்’ என்று ஒரு சொல். போட்டிருந்தவர் நல்லெண்ணத்தோடுதான் போட்டிருந்தார்.

சொல்லாமல் தாண்டிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஜெயித்திருக்கிறார், பிள்ளைகளோடு கூரைக்குக் கீழே வந்துவிட்டார், எதற்கு இது என்று. அப்படி நினைத்ததற்காகவும் என்னையே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. சொன்னேன். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அக்காவின் முகம் மாறியது. விசாரணையில்கூட அவர் முகம் அப்படி ஆகி நான் பார்த்ததில்லை.

“எவன் என்னய இழுத்தான்? எவன்? அன்னைக்கி நான் எல்லாரயும் கெளப்பிவுட்டேன்னானுங்க. இன்னைக்கி என்னய எவனோ கெளப்பிவுட்டானாம். நான் எந்திரிச்சு நின்னு நாந்தான் கூப்பிட்டேண்டு சொன்னேனே, அது யாருக்குமே கேக்கலியா?”

“மேல ஒண்ணும் பண்ண முடியாதுங்க அக்கா. வேலை கெடச்சிருச்சு. இதைப் போய்க் கிளறினா…”

“வேல கெடச்சிருச்சு. நாளைக்கிப் பெரட்டுல போய் நிப்பேன். அது வேற. நீ தாள எடு. எழுது.”

சின்னவள் தன் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன், தமிழில்.

“கனம் ஜட்ஜ் ஐயா அவர்களுக்கு. வேலை திருப்பிக் கொடுத்ததற்கு நன்றி. ஆனால் என்னை யாரும் இழுக்கவில்லை. எனக்குப் படிக்கத் தெரியும். மருந்து வாசனை என் மூக்குக்குத்தான் வந்தது. நான் யோசித்துத்தான் கூப்பிட்டேன். வந்தவர்களும் யோசித்துத்தான் வந்தார்கள். தீர்ப்பில் இதைத் திருத்தி எழுத வேண்டும்.”

“கேட்டுக்கொள்கிறேன்னு முடிக்கட்டுங்களா?” என்றேன்.

“வேணாம். திருத்தி எழுத வேணும். அப்படியே வையி.”

வாங்கி, வாய்க்குள் முணுமுணுத்து முழுக்கப் படித்தார். ஒரு இடத்தில் எழுத்துக்குக் கால் போடாமல் விட்டிருந்தேன், சுட்டிக் காட்டித் திருத்தச் சொன்னார். பிறகு கையெழுத்துப் போட்டார். பந்தலூரில் தபால் ஆபீஸ் மூடுவதற்குள் போய் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டு, ஊட்டிப் பஸ்ஸைப் பிடித்தேன்.

பதில் வரவில்லை. தீர்ப்பு திருத்தப்படவும் இல்லை. அக்கா பதினோரு வருஷம் அந்த மலையில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றார். இப்போதும் ஏதோ ஒரு ரெக்கார்டு ரூமில் அந்தத் தாள்கள் கட்டிக் கிடக்கும். விசாரணைப் பதிவில் அவர் பிறரை மயக்கி இழுத்தவர். தீர்ப்பில் பிறரால் மயங்கி இழுபட்டவர். இரண்டும் பொய் என்று சொல்லும் ஒரே தாள், யாரும் பிரித்துப் படித்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாத அந்தக் கடிதம்தான்.